தமிழ் யூனியன் கழகமும் கொழும்பு ஓவலும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோயில்களையும் ஏடுகளையும் கல்விச்சாலைகளையும் ஆராய்வர். அச்சமூகம் அமைத்துக்கொண்ட விளையாட்டுக் கழகங்களை ஆராய்வோர் மிகச் சிலர். விளையாட்டு மாலை நேரத்துப் பொழுதுபோக்கு. அதில் ஆய்வுக்குரியது யாது என்னும் மனப்பாங்கு தமிழ்க் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஆயினும் 1899ஆம் ஆண்டிலே கொழும்பில் தோன்றி, நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்தும் இயங்கிவரும் தமிழ் யூனியன் துடுப்பாட்ட, மெய்வல்லுநர் கழகத்தின் கதை அம்மனப்பாங்கைக் கைவிடச் செய்யும் தகைமையது. தலைநகரிலே தமிழர் எவ்வாறு நிலைகொண்டனர், அந்நிலையிற் பங்குபெற்றோர் எவர், புறத்தே நின்றோர் எவர் என்பவற்றை அக்கதை எடுத்துரைக்கின்றது. கழகத்தின் பெயரிலே முதற்சொல்லாக நிற்பது 'தமிழ்' என்பதாகும். அச்சொல் யாரைக் குறித்தது, யாரைக் குறியாது விட்டது என்னும் வினாவே அதன் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

இலங்கையிற் கிரிக்கெட் ஆங்கிலேயப் படையினரோடும் தோட்டத் துரைமாரோடும் வந்து சேர்ந்தது. 1832இல் கொழும்புக் கிரிக்கெட் கழகம் 97ஆவது படைப்பிரிவுடன் ஆடிய ஆட்டமே இத்தீவின் முதல் ஆட்டமாகப் பதிவு பெற்றுள்ளது. அக்கழகம் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. அதன் வாயில் அடைபட்டிருந்தமையால் ஏனைய சமூகத்தவர் தத்தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். மலாயர் 1872இலும், பறங்கியர் 1896இலும், சோனகர் 1908இலும் தம் கழகங்களை நிறுவினர். சிங்களவரின் விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899 என்னும் ஒரே ஆண்டிலே பிறந்தவை. இவற்றை நோக்குவார் இனவாதத்தின் வித்து விளையாட்டுத் திடலிலேயே இடப்பட்டது என்று எளிதில் முடிவுகட்டிவிடலாம். அம்முடிவு அவசர முடிவாகும். இனவாரியாக மக்களைப் பகுத்து நோக்கும் வழக்கத்தை ஆட்சியாளரே முன்னரே வகுத்து வைத்திருந்தனர். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் என்னும் பிரிவுகளின்படியே நியமிக்கப்பட்டனர். 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம் சேர்க்கப்பட்டது. சபையில் எவ்வாறு ஆசனங்கள் பகுக்கப்பட்டனவோ அவ்வாறே திடலிலும் கழகங்கள் பகுக்கப்பட்டன எனலாம்.

அண்டை நாட்டிலும் இத்தகைய நிலைமையே காணப்பட்டது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமய அடிப்படையிலே அணிகள் மோதிய போட்டி பல்லாண்டு நடைபெற்றது. 1937இல் ஏனையோர் என்னும் ஐந்தாம் அணியும் அதிற் சேர்ந்தது. காந்தியடிகள் 1940இல் அப்போட்டியை எதிர்த்துக் கருத்துரைத்தார். 1946இல் அது முற்றுப்பெற்றது. பம்பாய்ப் போட்டியிலே ஈண்டு நினைத்தற்குரிய ஒருவர் உளர். அவர் பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர். தீண்டப்படாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட குலத்திற் பிறந்த அவர், இந்து அணிக்கு வெற்றி தேடித் தந்தும் தொடக்கத்தில் அவ்வணியினரோடு ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்த இடம்பெறவில்லை. அணித்தலைமை அவருக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிட்டியது. ஒரு சமூகத்தின் பெயரைச் சூடிக்கொண்ட அணி அச்சமூகத்தார் அனைவரையும் உள்ளடக்கியது என்று கொள்வதற்கில்லை என்பதற்குப் பாலுவின் வாழ்வு தக்க சான்றாகும். கொழும்பிலே சாதியைக் காட்டிலும் கல்வியும் உத்தியோகமுமே எல்லைக்கோட்டை வரைந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய பாடசாலைகளும், 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரியும் ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கின. வரண்ட நிலத்தையும் பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் புதல்வர்கள் எழுதுவினைஞராகவும், புகையிரதப் பகுதியினராகவும், மருத்துவராகவும், வழக்கறிஞராகவும் கொழும்புக்குச் சென்றனர். கடல் கடந்து மலாயாவுக்கும் சென்றனர். சென்ற இடமெங்கும் அவர்கள் மூன்றினை அமைத்தனர்: ஒரு கோயில், ஒரு சங்கம், ஒரு விளையாட்டுத் திடல். கோலாலம்பூரில் 1914இல் எழுந்த தமிழர் உடற்பயிற்சிக் கழகமும் இம்மரபினதே. தமிழ் யூனியன் இவ்வகையிற் பெயர்ந்து வாழ்ந்தோரின் கழகம். அலுவலகத்தில் வெள்ளை அதிகாரியின் கீழே நாள் முழுதும் கணக்கெழுதிய ஒருவர், மாலையிலே வெள்ளுடை தரித்துத் துடுப்பேந்தி நின்றபோது அடைந்த மதிப்பு சிறிதன்று. ஆயின் அவ்வெள்ளுடையை வாங்கவும், சந்தா செலுத்தவும், ஆங்கிலத்தில் உரையாடவும் இயன்றோர்க்கே அந்தத் திடல் திறந்திருந்தது. அதே காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பிலே மலேரியாவோடும் காட்டு யானையோடும் போராடிக்கொண்டிருந்த உழவனுக்கும், மலைநாட்டிலே கொழுந்து கொய்த தொழிலாளிக்கும் இக்கழகத்தின் பெயர்தானும் எட்டியிராது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டுக் கிளிநொச்சியில் வயல்கள் விரியத் தொடங்கிய நாளிலே, தமிழ் யூனியன் ஏற்கெனவே கொழும்பின் முதல்வரிசைக் கழகங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது.

இக்கழகம் எத்தகைய அமைப்பு என்பதனைத் தெளிவுறுத்த மேனாட்டு ஒப்பீடு ஒன்று உதவும். அமெரிக்காவிலே 1869ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரின் பேஸ்போல் அணி தன் வீரர் அனைவருக்கும் வெளிப்படையாக ஊதியம் வழங்கிக் களம் புகுந்தது. அன்றுதொட்டு அவ்விளையாட்டின் பெருங்குழுக்கள் உரிமையாளரின் சொத்தாயின. இலாபம் குறைந்தால் உரிமையாளர் குழுவையே வேறு நகருக்குப் பெயர்த்துவிடுவர். 1957இன் முடிவிலே புரூக்ளின் நகரத்தார் உயிரெனப் போற்றிய டொட்ஜர்ஸ் அணி லொஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கொழும்புக் கழகங்கள் அத்தகையன அல்ல. அவை உறுப்பினரின் உடைமை. வீரர்கள் நெடுங்காலம் ஊதியம் பெறாதவர்கள். அரச திணைக்களங்களிலோ வர்த்தக நிறுவனங்களிலோ வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். ஆகவே கழகம் இடம்பெயரவில்லை. இடம்பெயர்ந்தோர் அதனை அமைத்த மக்களே. அது பின்னர் நிகழ்ந்தது.

கழகத்தின் வரலாற்றிலே தனித்து நோக்கற்பாலவர் பாக்கியசோதி சரவணமுத்து. இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, தேயிலை, இறப்பர் முதலிய விளைபொருள்களின் அரச நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்த இவர் புகழ்பெற்ற உடன்பிறப்பாளர் கூட்டமொன்றைச் சேர்ந்தவர். தமையனார் மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து 1932இல் வடகொழும்புத் தொகுதியில் வென்று அரசாங்க சபையில் அமர்ந்தார். அச்சபையில் இடம்பெற்ற இரண்டாவது பெண்மணி அவரே. மற்றொரு சகோதரர் மாணிக்கசோதி பினாங்கிலே பத்திரிகையாசிரியராய் விளங்கியவர். 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் அத்தீவைக் கைவிட்டு ஓடியபோது குண்டுவீச்சைத் தவிர்ப்பதற்காக அவர்தம் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த வடகொழும்பின் வாக்காளர் ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தம் தலைமையாக ஏற்றிருந்த காலம் அது. அக்காலத்தின் தன்னம்பிக்கையை உணர்ந்தால்தான் ஓவல் மைதானம் எழுந்த துணிவு விளங்கும்.

பொறளைக்கு அண்மையில், வனாத்தமுல்லைப் பகுதியின் தாழ்நிலத்தைத் திருத்திச் சரவணமுத்துவின் முன்முயற்சியால் அமைக்கப்பட்ட இம்மைதானம் 1945இல் ஆட்டத்துக்குரியதாயிற்று. இலண்டன் மாநகரத்துப் புகழ்பெற்ற திடலின் பெயரைத் தழுவி அதற்குக் கொழும்பு ஓவல் எனப் பெயரிட்டனர். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் கழகம் தன் தேவைக்கு மட்டும் ஒரு திடலை அமைக்க எண்ணியிருந்தால் இத்துணைப் பெரிதாக அமைத்திராது. நாட்டின் தேசிய அணியையும் பிறநாட்டு அணிகளையும் வரவேற்கும் நோக்குடனேயே அது எழுந்தது. இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 1948இல் அமைந்தபோது அதன் முதலாவது தலைவராகச் சரவணமுத்துவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1950இல் அவர் காலமானார். அவர் பெயரால் அமைந்த வெற்றிக்கேடயம் பின்னர் உள்நாட்டுப் போட்டியின் உயர்பரிசாயிற்று. 1950/51ஆம் ஆண்டுப் பருவத்தில் முதலிடம் பெற்ற கழகம் தமிழ் யூனியனே.

நாடு விடுதலை பெற்று ஏழு வாரங்களே கழிந்திருந்தன. 1948 மார்ச் 27ஆந் திகதி, இங்கிலாந்தை நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஓவலில் ஒருநாள் ஆட்டம் ஆடியது. அணித்தலைவர் டொன் பிரட்மன். இந்திய மண்ணில் ஒருபோதும் ஆடியிராத அவரைத் தமிழ்நாட்டுச் சுவைஞரும் காண வாய்ப்பிருந்தது கொழும்பு வழியாகத்தான். எதிரே இலங்கை அணிக்குத் தலைமை தாங்கி நின்றவர் தமிழ் யூனியன் வீரர் மகாதேவன் சதாசிவம். அன்று பிரட்மன் 20 ஓட்டங்களோடு ஆட்டமிழந்தார். பின்னர் அளந்து பார்த்தபோது ஆடுதளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார் நீளமே இருந்தது தெரியவந்தது. இருபது யார் நிலத்தில் இருபது ஓட்டம் என்று எள்ளி நகையாடியோரும் இருந்திருக்கக்கூடும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு உலகப் பெருவீரருக்கு அளித்த வரவேற்பில் நேர்ந்த இப்பிழை, அதன் எளிமையினாலேயே மனத்தில் நிற்கின்றது.

அதே 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத்திலே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அதனால் நாடற்றோராயினர். தமிழரின் அரசியற் கட்சிக்குள்ளேயே இவ்வினா பிளவை ஏற்படுத்தியது. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு அப்பிளவும் ஒரு காரணம். ஓவலில் பிரட்மனை வரவேற்ற தமிழரும், ஓட்டுரிமை இழந்த தமிழரும் ஒரே மொழியைப் பேசினர். ஆனால் ஒரே வாழ்வை வாழவில்லை. தேயிலையின் நிர்வாகம் கழகத்தின் உட்புறத்தில் இருந்தது. தேயிலைக் கொழுந்து கொய்தோர் அதற்கு மிக வெளியே இருந்தனர். சரவணமுத்து போன்றோரின் பணியைக் குறைத்துக் கூறுவது இங்கு நோக்கமன்று. அவர் தலைமுறையினர் தாம் கண்ட உலகத்துக்குள் பெருந்தன்மையோடேயே செயற்பட்டனர். அவ்வுலகத்தின் எல்லை எங்கே முடிந்தது என்பதும் பதிவுசெய்யப்பட வேண்டியதே.

சதாசிவத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். 1915இல் பிறந்து கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிற் பயின்ற இவர், இலங்கை பெற்ற துடுப்பாட்டக்காரருள் தலையாயவர் என்று அவர் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டோர் ஒருமுகமாகக் கூறுவர். 1947இலே சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் பெற்ற 215 ஓட்டங்கள் நெடுங்காலம் பேசப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளின் பிராங் வொறல் அவரை உலகின் மிகச் சிறந்தோருள் ஒருவராக மதித்தார் என்பது கிரிக்கெட் நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுவது. இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கிய பெருமையும் அவருக்குண்டு. பயிற்சியில் நாட்டமற்றவர், இரவெல்லாம் விழித்திருந்து காலையிற் சதமடிப்பவர் என்ற கதைகளுக்கும் குறைவில்லை. கதை பெருகப் பெருக ஆட்டத்தின் பதிவு மங்கியது. 1951 ஒக்டோபரில் அவர் மனைவியார் கொல்லப்பட்டபோது சதாசிவமே குற்றஞ்சாட்டப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். பிரித்தானியாவின் தலைசிறந்த சட்டமருத்துவ வல்லுநர் சேர் சிட்னி சிமித் சாட்சியமளிக்க வந்தார். 1953இல் யூரிகள் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். இலங்கைச் சட்டக்கல்வியில் அவ்வழக்கு இன்றும் படிக்கப்படுகின்றது. விளையாட்டு வரலாற்றுக்கு அதனால் நேர்ந்தது நட்டமே. சதாசிவம் என்றவுடன் துடுப்பை நினையாது நீதிமன்றத்தை நினைக்கும் பழக்கம் உண்டாயிற்று. அவருடைய காலத்திலே இலங்கைக்கு டெஸ்ட் தகுதி இல்லாமையால் அவர் ஓட்டங்கள் உலகப் பட்டியல்களிலும் ஏறவில்லை.

1977ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு கொழும்பு ஓவல், பி. சரவணமுத்து மைதானம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஜூலை 9ஆந் திகதி சதாசிவம் மறைந்தார். அதே மாதம் 21ஆந் திகதி நடந்த பொதுத்தேர்தலிலே வடக்குக் கிழக்கில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து வென்றது. ஓகஸ்டில் தீவெங்கும் இனக்கலவரம் மூண்டது. மலையகத்தினின்றும் உயிர்தப்பிய ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு திருத்திக் குடியேறின. வன்னியின் பல கிராமங்களின் மக்கட்தொகையில் மலையகத் தமிழர் கணிசமான பங்கினராக இருப்பதன் காரணம் இதுவே. கண்டிக்கு அருகே ஒரு பிஸ்கட் தொழிற்சாலை அக்கலவரத்திலே எரிக்கப்பட்டது. அதன் உடைமையாளர் குடும்பம் வன்னிக்குப் பெயரவில்லை. அங்கேயே நின்று தொழிற்சாலையைத் திரும்பக் கட்டியெழுப்பியது. அக்குடும்பத்தில் அன்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் முரளிதரன்.

1982 பெப்ரவரி 17ஆந் திகதி இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கிய இடம் சரவணமுத்து மைதானமாகும். எதிரணி கீத் பிளெச்சர் தலைமையிலான இங்கிலாந்து. பந்துல வர்ணபுர தலைமையில் இலங்கை முதல் இன்னிங்சில் 218 ஓட்டங்கள் பெற்றது. பாடசாலை மாணவரான 18 வயது அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் குவித்தார். இரண்டாம் இன்னிங்சில் ரோய் டயஸ் 77 ஓட்டங்களோடு மிளிர்ந்தும், ஜோன் எம்புரி 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தியதனால் அணி 175இல் சரிந்தது. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது. தமிழர் கழகத்தின் திடலிலே நிகழ்ந்த இப்பெருநாளில், களமிறங்கிய இலங்கைப் பதினொருவருள் தமிழர் ஒருவரும் இலர். இதனைத் திட்டமிட்ட ஓரவஞ்சனை எனக் கூறுதற்கு ஆதாரமில்லை. பதினொருவரும் தகுதியால் வந்தவர்களே. எனினும் சதாசிவம் தலைமை தாங்கிய காலத்தினின்றும் எத்துணைத் தொலைவு கடக்கப்பட்டிருந்தது என்பதை அப்பெயர்ப்பட்டியல் காட்டுகின்றது. 1956இன் மொழிச்சட்டமும், 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் ஆங்கிலம் கற்ற தமிழர் கொழும்பில் ஊன்றிய காலை அசைத்துவிட்டிருந்தன. அரச சேவையை நம்பி எழுந்த ஒரு சமூகத்துக்கு அரச சேவை குறுகியபோது, அதன் மாலைநேரத் திடலும் ஆளின்றிப் போவது இயல்பே.

பதினேழு மாதங்களின் பின், 1983 ஜூலை 24ஆந் திகதி, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் உடல்களை அடக்கஞ்செய்வதற்குப் பொறளைக் கனத்தை மயானத்தில் மக்கள் திரண்டனர். கறுப்பு ஜூலையின் தீ அங்கிருந்தே பரவத் தொடங்கியது. மயானத்துக்கும் ஓவலுக்கும் இடையே நடந்து செல்லும் தூரமே உண்டு. டெஸ்ட் ஆட்டத்தைக் காணத் திரண்ட அதே சுற்றாடலிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தப்பியோர் அகதி முகாம்களில் ஒதுங்கினர். பலர் கப்பல்களில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் பல்லாயிரவர் இலண்டனுக்கும் தொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் சென்றனர். கழகத்தின் மரபான உறுப்பினர் குடும்பங்கள் இவர்களுள் அடங்கின. தமிழ் யூனியன் என்னும் பெயர் கொழும்பில் நின்றது, தமிழர் சிதறினர்.

1985 செப்டம்பர் 11ஆந் திகதி இதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் தோற்கடித்து இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. துலிப் மென்டிஸ் அணித்தலைவர். விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதமடித்ததோடு ஒன்பது பேரை ஆட்டமிழக்கச் செய்தார். ருமேஷ் ரத்நாயக்க இரு இன்னிங்சிலும் ஒன்பது விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். நாடு விழாக்கோலம் பூண்டது. ஒரு மாதத்துக்கு முன்னரே, இந்தியாவின் அனுசரணையுடன் பூட்டான் தலைநகர் திம்புவில் தமிழ் இயக்கங்களோடு நடந்த பேச்சுகள் முறிந்திருந்தன. தேசியம் என்னும் சொல் அவ்வாண்டில் இலங்கையில் இரு வேறு பொருள்களில் ஒலித்தது. அவற்றுள் ஒன்றுக்கு மேடையமைத்துக் கொடுத்தது, மற்றதன் பெயரைச் சூடிய ஒரு கழகம்.

இத்தகைய வேளையிலே, 1991/92 பருவத்தில், கண்டி, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற ஓர் இளைஞர் தமிழ் யூனியனிற் சேர்ந்தார். 1991இல் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவாகியவர் அவர். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். கழகத்தை அமைத்தோர் தம் பெயரிற் பொறித்த 'தமிழ்' என்னும் சொல்லில் அந்தப் பாட்டனாருக்கு இடமிருந்திராது. பேரனுக்கோ அக்கழகமே கொழும்பிலே வீடாயிற்று. தேயிலையை நிர்வகித்தவரின் பெயர் தாங்கிய திடலிலே தேயிலைத் தொழிலாளியின் பேரன் பந்து வீசினார். தமிழ் யூனியனுக்காக அவர் கைப்பற்றிய முதல்தர விக்கெட்டுகள் 200க்கு மேற்பட்டவை. 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அரங்கில் நுழைந்த அவர், 2010 ஜூலையில் காலியிலே 800ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார். எவரும் அந்த எண்ணிக்கையை இதுவரை நெருங்கவில்லை. 1995 டிசம்பரில் மெல்போர்னிலே நடுவர் டரல் ஹெயர் அவர் வீச்சை முறையற்றதெனக் கூவியபோது, நாடு முழுவதும் ஒரு தமிழனுக்காகக் குரலெழுப்பியது. அவ்வாதரவு உண்மையானது. அதே கிழமைகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் படையினர் கைப்பற்ற, இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்கும் கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்கும் பெயர்ந்துகொண்டிருந்தனர். அதுவும் உண்மையே.

1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. அவ்வணியில் முரளிதரன் இருந்தார். அந்நாளில் ஸ்கந்தபுரத்திலோ அக்கராயனிலோ ஓர் இளைஞன் ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்க விரும்பியிருந்தால், அது எளிதன்று. வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி, பொருளாதாரத் தடையினால் அரும்பொருளாயிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலியை இயக்குவதே வழக்கம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். அவ்வாண்டு செப்டம்பரில் கிளிநொச்சி நகரும் படையினர் வசமாக, நகர மக்கள் மேற்கே அக்கராயன், ஸ்கந்தபுரம் பகுதிகளிலே மரநிழலிற் குடிலமைத்தனர். அங்கிருந்த சிறுவர் தென்னை மட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கி ஆடினர். அவர்களுள் ஒருவன் சுழற்பந்து வீச முயன்றபோது யாரைப் பார்த்து மணிக்கட்டைத் திருப்பினான் என்பதை ஊகித்தல் கடினமன்று. முரளிதரனின் அரசியற் கருத்துகளோடு உடன்படாத தமிழர் பலர் உளர்; அவருடைய பிற்காலக் கூற்றுகள் கடுங்கண்டனத்துக்கும் உள்ளாயின. அக்கண்டனத்துக்கு நியாயம் உண்டு. ஆயினும் அந்தத் திருகலை எந்தக் கண்டனமும் சிறுவனின் கையிலிருந்து பறித்துவிடவில்லை.

கழகம் இக்காலத்தில் வேறு உருவம் பெற்றிருந்தது. 1988/89 முதல் உள்நாட்டுக் கழகப் போட்டிகள் முதல்தரத் தகுதி பெற்றன. வீரர்கள் ஒப்பந்தத்தையும் வாய்ப்பையும் நாடிக் கழகம் மாறுவது வழமையாயிற்று. உபுல் சந்தன, ரங்கன ஹேரத், சுரங்க லக்மால் முதலிய சிங்கள வீரர்கள் தமிழ் யூனியன் சார்பில் ஆடினர். இதனைப் பெயரின் இழப்பாகக் கருதுவோரும் உண்டு. பெயரின் விரிவாகக் கருதுவோரும் உண்டு. சிங்களவர் விளையாட்டுக் கழகத்திலும் பிற இனத்தவர் ஆடுகின்றனர். பம்பாயிலே சமயப் பெயர் தாங்கிய அணிகள் மறைந்தன. கொழும்பிலே பெயர்கள் நிலைத்து உள்ளடக்கம் மாறியது. பின்னதே மேலென்று கூறத் தோன்றும். ஆயின் பெயர் நிலைத்திருக்க, அப்பெயருக்குரிய மக்கள் ஊரைவிட்டகன்றதனால் நேர்ந்த கலப்பையும், அவர்கள் கதவைத் திறந்துவிட்டதனால் நேர்ந்த கலப்பையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. தமிழ் யூனியனின் வரலாற்றில் இரண்டும் உண்டு. எது எவ்வளவு என்பதைப் பிரித்தெடுத்தல் எதிர்கால ஆய்வாளரின் பணி.

2015/16 பருவத்தில் தமிழ் யூனியன் நாட்டின் முதன்மைக் கழகப் போட்டியில் வாகை சூடியது. 1950/51இன் பின் அது பெற்ற முதல் வாகை அதுவாகும். இடையே கடந்தவை 65 ஆண்டுகள். 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கிலே யாழ்ப்பாணத்தின் பெயரால் ஓர் அணி உருவானது. முதலிலே ஸ்டாலியன்ஸ் எனவும் பின்னர் கிங்ஸ் எனவும் வழங்கிய அவ்வணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அதன் வழியாகவே வெளியுலகுக்கு அறிமுகமாகிப் பின் தேசிய அணியிலும் ஆடினார். அவ்வணி உரிமையாளரின் உடைமை. சின்சினாட்டியும் புரூக்ளினும் காட்டிய வழியில் நடப்பது. அதன் நான்கு வெற்றிகளும் ஹம்பாந்தோட்டையிலும் கொழும்பிலுமே பெறப்பட்டன. அந்நான்கு பருவங்களிலும் யாழ்ப்பாண மண்ணில் அது ஓர் ஆட்டத்தையும் ஆடவில்லை.